மன்னன் சாசனமும் மக்கள் சாசனமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் ராஜ்யங்களுள் பரப்பளவில் மிகச் சிறியது ரோட் ஐலண்டு. அட்லாண்டிக் சமுத்திரம் நிலத்துக்குள் புகுந்து உண்டாக்கிய ஒரு விரிகுடாவும், அதைச் சுற்றிய துறைமுகங்களும், ஆற்றங்கரைகளில் எழுந்த நூல் ஆலைகளுமாக அமைந்த அந்தச் சின்னஞ்சிறு பூமியில், 1842-ஆம் வருஷத்து மே மாதத்தில், இரண்டு கவர்னர்களும் இரண்டு சட்டசபைகளும் இரண்டு அரசியற் சாசனங்களும் ஒரே சமயத்தில் இருந்தன. ஒரு கவர்னர் பதவி வகித்தது மன்னன் ஒருவன் எப்போதோ எழுதிக் கொடுத்த சாசனத்தின்படி. மற்றவர் பதவி ஏற்றது மக்கள் தாமே எழுதி, தாமே ஓட்டளித்து ஏற்ற சாசனத்தின்படி. மன்னன் சாசனத்தின் பக்கம் கஜானாவும் நியாயஸ்தலமும் சிறைச்சாலையும் நின்றன. மக்கள் சாசனத்தின் பக்கம் நின்றவர் தாமஸ் வில்ஸன் டார் என்ற முப்பத்தாறு வயது வக்கீல். அவருடைய இயக்கம் எப்படி வளர்ந்தது, வாரண்டுகளின் முன் எப்படிச் சிதறியது, சிதறிய பிறகும் எது எஞ்சியது என்பதை நிதானமாகப் பார்ப்பது ஓட்டுரிமையை மதிக்கும் எவருக்கும் பயன் தரும்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்து மன்னனின் ஆட்சியை உதறியபோது, 1776 மே 4-ஆம் தேதியன்று, மற்றவற்றுக்கெல்லாம் முந்திக்கொண்டு மன்னனிடம் வைத்த விசுவாசத்தைத் துறந்தது ரோட் ஐலண்டு. ஆனால் மன்னனைத் துறந்த அந்த மக்கள் மன்னன் எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் துறக்கவில்லை. இரண்டாம் சார்லஸ் 1663-ல் வழங்கிய சாசனமே, சுதந்திரம் வந்து அறுபத்தேழு வருஷங்களுக்குப் பின்னும், 1843 வரை, அந்த ராஜ்யத்தின் மூல சட்டமாக இருந்து வந்தது. இதற்குக் காரணம் வெறும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. மதக் கொள்கைக்காக மாஸசூஸட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் 1636-ல் பிராவிடென்ஸ் நகரைத் தோற்றுவித்தபோது எந்த மனச்சாட்சிச் சுதந்திரத்தை நாடினாரோ, அதற்கு இடமளித்த சாசனம் அது. அந்தக் காலத்தில் உலகில் வேறெங்கும் காண்பதற்கு அரிதான பெருந்தன்மை அதில் இருந்தது. பாட்டனார் வைத்த விளக்கு என்று அதை அந்த ஊரார் போற்றியதில் வியப்பில்லை. ஆனால் விளக்கைத் தூண்ட ஒரு கோலும் வேண்டுமல்லவா? சாசனத்தைத் திருத்துவதற்கான வழி அந்தச் சாசனத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. பின்னால் விளைந்த துன்பத்துக்கெல்லாம் வித்து அந்த ஒரு குறைதான்.

ஓட்டுரிமை நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. 134 டாலர் மதிப்புள்ள நிலமோ, வருஷத்துக்கு ஏழு டாலர் வாடகை தரும் நிலமோ சொந்தமாக உடையவனே ஓட்டுப் போடலாம். அவனுடைய மூத்த மகனுக்கும் அந்த உரிமை உண்டு, இளைய மக்களுக்குக் கிடையாது. பெரும்பாலோர் உழுது பிழைத்த காலத்தில் இந்த விதி யாரையும் அதிகமாக உறுத்தவில்லை. ஆனால் 1790-ல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் பாடக்கெட் ஊரில் நீர்விசையால் பஞ்சு நூற்கும் யந்திரங்களை ஓட்டிக் காட்டியது முதல் அந்தப் பூமியின் முகமே மாறத் தொடங்கியது. ஆற்றுக்கு ஆறு ஆலைகள் எழுந்தன. உழவனின் இளைய மகன் ஆலைத் தொழிலாளியானான். அயர்லாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். உழைத்துக் கூலி பெற்று, வாடகை வீட்டில் குடியிருந்து, வரி கட்டி, அழைத்தபோது ஊர்ப்படையிலும் சேர்ந்து நின்ற இவர்களுக்குக் காலடியில் சொந்த மண் இல்லை. ஆகவே ஓட்டும் இல்லை. 1840-ஐ ஒட்டி வயது வந்த வெள்ளை ஆடவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு உரிமையற்று நின்றார்கள்.

ஓட்டில்லாமை தேர்தல் நாளோடு முடிந்துபோகும் குறையாகவும் இல்லை. நிலமில்லாதவன் ஜூரராக அமர முடியாது. தனக்கு வரவேண்டிய கடனைக் கேட்டு வழக்குத் தொடுக்க வேண்டுமானால், நிலமுள்ள ஒருவரிடம் போய் வழக்குப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கி வர வேண்டும். தன் உழைப்பின் பலனைக் கேட்பதற்கு அடுத்தவன் வாசலில் காத்து நிற்கும் அவமானம் ஒரு மனிதனின் நெஞ்சை எவ்வளவு அரிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சட்டசபையின் அமைப்போ சாசனம் எழுதிய நாளோடு உறைந்துபோயிருந்தது. இருபத்து மூவாயிரம் மக்களைக் கொண்ட பிராவிடென்ஸ் நகரத்துக்கு நான்கு பிரதிநிதிகள். அதில் பாதி ஜனத்தொகைகூட இல்லாத நியூபோர்ட்டுக்கு ஆறு. நெசவாலைகள் நிறைந்து வளர்ந்த வடக்கை, வளர்ச்சி நின்றுபோன தெற்கு ஆண்டது.

இந்த அநீதியால் தாம் ஒருநாளும் துன்புறாத ஒருவரே அதை எதிர்க்க முன்வந்தார். தாமஸ் டார் 1805 நவம்பர் 5-ஆம் தேதி பிராவிடென்ஸில் பிறந்தவர். தகப்பனார் ஸல்லிவன் டார் சீன வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். பெனிஃபிட் வீதியின் மேட்டில் அவர் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. அந்த வீட்டின் பின்புறத்துத் தோட்டத்தில்தான் ரோஜர் வில்லியம்ஸ் புதைக்கப்பட்டார் என்பது ஊரார் அறிந்த செய்தி. ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1823-ல் பட்டம் பெற்று, நியூயார்க்கில் ஜேம்ஸ் கென்ட் என்ற பெரிய நியாயவாதியிடம் சட்டம் பயின்று, ஊர் திரும்பி வக்கீல் தொழில் நடத்திய இளைஞருக்கு, நிலம், செல்வம், குலப்பெருமை, ஓட்டு ஆகிய எதிலும் குறைவில்லை. குள்ளமான பருத்த உருவம். அடிக்கடி நோய்வாய்ப்படும் உடம்பு. விவாகம் செய்துகொள்ளாத தனி வாழ்வு. மேடையில் இடிமுழக்கம் செய்கிறவர் அல்லர். ஒரு வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனால் அந்த முடிவுக்கேற்ப நடந்தே தீரவேண்டும் என்று நம்பிய சுபாவம் மட்டும் அவரிடம் உறுதியாக இருந்தது. அவருடைய பெருமைக்கும் வீழ்ச்சிக்கும் அந்தச் சுபாவமே காரணமாயிற்று.

1834-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டார், அங்கிருந்த சில வருஷங்களில் பாங்கிகளின் தனிச் சலுகைகளைக் குறைக்கும் சட்டத்துக்காகவும், கடன்பட்டவர்களைச் சிறையிலிடும் வழக்கத்தை ஒழிப்பதற்காகவும், எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டும் பள்ளிக்கூடங்களுக்காகவும் பாடுபட்டார். அதே வருஷத்தில் ஓட்டுரிமைச் சீர்திருத்தக்காரர்கள் கூட்டிய மகாநாட்டின் சார்பில் ராஜ்ய மக்களுக்கு ஒரு நீண்ட விண்ணப்பத்தை எழுதினார். சட்டசபை அசையவில்லை. ஓட்டுள்ளவர்களின் தயவால் சபையில் அமர்ந்தவர்கள் ஓட்டில்லாதவர்களுக்குக் கதவு திறக்க மாட்டார்கள் என்பதை அந்த வருஷங்கள் அவருக்குக் கற்பித்தன. பின்பு காங்கிரஸ் சபைக்கு அபேட்சகராக நின்று தோற்றார். விக் கட்சியை விட்டு ஜனநாயகக் கட்சிக்குப் போனார்.

மேட்டுத்தெரு வக்கீல் சலித்திருந்த வேளையில் கீழ்த்தெருத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். ஸெத் லூதர் என்ற தச்சர் 1833-லேயே ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து, சுதந்திரப் போரில் ரத்தம் சிந்தியவர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லையா என்று கேட்டிருந்தார். 1840-ல் ஓட்டுரிமைச் சங்கம் ஒன்று தோன்றியது. 1841 ஏப்ரல் 17-ஆம் தேதி அந்தச் சங்கத்தார் பிராவிடென்ஸ் வீதிகளில் கொடிகளோடும் வாத்தியங்களோடும் ஊர்வலம் வந்து, நகரத்துக்கு வெளியே திறந்த வெளியில் ஒரு முழு எருதை நெருப்பில் வாட்டி, ஆளைவிட நீளமான ரொட்டி ஒன்றைச் சுட்டு, எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஓட்டுச்சாவடியில் தனித்தனியே ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்கள் அன்று ஒரே பந்தியில் அமர்ந்து, தாங்கள் எத்தனை பேர் என்பதைக் கண்ணாரக் கண்டார்கள்.

அடுத்து அவர்கள் எடுத்த அடி துணிச்சலானது. அரசாங்கத்தின் மூலாதாரம் மக்களே. ஆகவே மக்கள் சட்டசபையின் அனுமதியைக் கேட்டுக்கொண்டிராமல் தாமே கூடித் தமக்கு ஒரு சாசனம் எழுதிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். 1776-ல் அமெரிக்கர்கள் மன்னனுக்கு எதிராகச் சொன்னதும் இதுதானே என்று அவர்கள் கேட்டார்கள். 1841 ஆகஸ்டில் வயது வந்த ஆடவப் பிரஜைகளெல்லாம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க, அக்டோபரில் மக்கள் மகாநாடு பிராவிடென்ஸில் கூடியது. இந்த இயக்கத்துக்குச் சிறிது தயக்கத்தோடு வந்து சேர்ந்த டார், விரைவில் அதன் அறிவும் பேனாவும் ஆனார்.

அந்த மகாநாட்டில் நடந்த ஒரு விவாதத்தை நான் இந்தச் சரித்திரத்தின் முடிச்சாகவே கருதுகிறேன். புதிய சாசனத்தில் ஓட்டுரிமை யாருக்கு என்ற வாசகத்தில் ‘வெள்ளை’ என்ற சொல் இருந்தது. ரோட் ஐலண்டில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையை 1822-ஆம் வருஷத்துச் சட்டம் பறித்திருந்தது. அலெக்ஸாண்டர் க்ரம்மல் என்ற இளம் மத போதகரை முன்னிறுத்திப் பிராவிடென்ஸின் கறுப்பின மக்கள் மகாநாட்டுக்கு ஒரு கண்டன விண்ணப்பம் அனுப்பினார்கள். அதைச் சபையின் முன் வைத்து, அந்தச் சொல்லை நீக்கும்படி டார் வாதாடினார். பெரும்பான்மையோர் கேட்கவில்லை. சாசனம் நிறைவேறிய பிறகு அந்தச் சொல்லைப் பற்றித் தனியாக ஓட்டெடுக்கலாம் என்று சமாதானம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். ‘இப்போது எங்களுக்கு, பிறகு உங்களுக்கு’ என்று நிலக்காரர்கள் தங்களிடம் சொல்லிவந்த அதே பதிலைத் தங்களிலும் தாழ்த்தப்பட்டவர்களிடம் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அந்தக் குளிர்காலத்தில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து மேடையேறிய ஃப்ரெடரிக் டக்ளஸ் முதலியோர் ரோட் ஐலண்டின் ஊர்களில் சுற்றி, இந்த ‘வெள்ளை’ச் சாசனத்தை எதிர்த்துப் பேசினார்கள். நியாயத்தை நாடி எழுந்த சுவரில் அன்று கண்ட விரிசல் பின்னால் என்ன செய்தது என்பதைக் காண்போம்.

1841 டிசம்பர் 27-ஆம் தேதி மக்கள் சாசனத்தின்மேல் ஓட்டெடுப்புத் தொடங்கியது. அந்த ஓட்டுச்சீட்டைச் சற்றே கையிலெடுத்துப் பார்ப்போம். தான் அமெரிக்கப் பிரஜை என்றும், இருபத்தொரு வயது நிரம்பியவன் என்றும், இந்த ராஜ்யத்தில் நிலையாக வசிப்பவன் என்றும், நடைமுறைச் சட்டப்படி தனக்கு ஓட்டு உண்டா இல்லையா என்றும் அறிவித்து, சாசனத்தை ஏற்பதாகவோ மறுப்பதாகவோ சொல்லி, ஓட்டளிப்பவன் தன் பெயரையும் அதில் எழுதவேண்டும். மறைவுக்கு இடமில்லாத சீட்டு அது. ஆலை முதலாளி அறிந்தால் வேலை போகலாம். வீட்டுக்காரர் அறிந்தால் குடியிருப்புப் போகலாம். அப்படியிருந்தும் 13,944 பேர் ஆதரித்தும் 52 பேர் எதிர்த்தும் பெயரெழுதினார்கள் என்று கணக்கிட்டு அறிவிக்கப்பட்டது. ஆதரித்தவர்களில் ஓட்டுள்ள நிலக்காரர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வயது வந்த ஆடவப் பிரஜைகளில் பெரும்பான்மையோர் சம்மதித்துவிட்டார்கள். இனி இதுவே ராஜ்யத்தின் சட்டம் என்று மகாநாட்டார் பிரகடனம் செய்தார்கள்.

பழைய அரசாங்கத்தார் முதலில் வேறொரு சாசனத்தை எழுதி முன்வைத்தார்கள். அதுவும் ஓட்டுரிமையை ஓரளவு விரிவாக்கியதுதான். ஆனால் அது போதாது என்று சீர்திருத்தக்காரர்களும், அது அதிகம் என்று பிடிவாதக்காரர்களும் சேர்ந்து எதிர்க்கவே, 1842 மார்ச்சில் 8,013-க்கு 8,689 என்ற ஓட்டுக் கணக்கில் தோற்றது. சமரசத்தின் கடைசி வாசல் அவ்வாறு மூடிக்கொண்டது. தலைமை நீதிபதி ஜாப் டர்ஃபீ, மக்கள் சாசனத்தை நடத்திவைப்பது ராஜத்துரோகம் என்று அந்த மாதமே எடுத்துரைத்தார். ஏப்ரல் தொடக்கத்தில் சட்டசபை ஒரு கடுமையான சட்டத்தை இயற்றியது. மக்கள் சாசனத்தின்கீழ் நடக்கும் தேர்தல் கூட்டத்துக்குத் தலைமை வகித்தால் அபராதமும் சிறையும். அபேட்சகராக நிற்க ஒப்புக்கொண்டால் அதனினும் கூடிய தண்டனை. பதவியை ஏற்று நடத்தினால் ராஜத்துரோகம், ஆயுள்காவல். குற்றம் எந்த ஊரில் நடந்தாலும் எந்த ஜில்லாவிலும் விசாரிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. கொடுங்கோன்மைக்குப் பெயர்போன அல்ஜியர்ஸ் அதிபதியின் ஆட்சியை நினைவூட்டியதால், ‘அல்ஜீரியச் சட்டம்’ என்று ஜனங்கள் அதற்குப் பெயரிட்டார்கள்.

ஒரு சட்டம் தன் வேலையைச் செய்ய அதன்படி எல்லாரையும் தண்டிக்க வேண்டியதில்லை. தண்டிக்கக்கூடும் என்ற பயம் வீட்டுக்கு வீடு நுழைந்தால் போதும். கவர்னர் பதவிக்கு நிற்கும்படி கேட்கப்பட்ட பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். அந்த இடத்துக்கு டார் வந்தார். ஏப்ரல் 18-ஆம் தேதி நடந்த தேர்தலில், போட்டியின்றி, 6,359 ஓட்டுகளோடு மக்களின் கவர்னரானார். நான்கு மாதங்களுக்குமுன் பெயரெழுதிச் சீட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த முறை வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, பழைய சாசனத்தின்படி, சாமுவேல் வார்டு கிங் மறுபடியும் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மே 3-ஆம் தேதி மக்கள் அரசாங்கத்தின் பதவியேற்பு. ஊர்ப்படைகளும் தொழிலாளர்களும் சூழ டார் பிராவிடென்ஸ் வீதிகளில் கோலாகலமாக அழைத்து வரப்பட்டார். ஆனால் சட்டசபை மாளிகையின் கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போய், ராஜ்யத்தின் முத்திரையையும் தஸ்தாவேஜுகளையும் கைப்பற்றி, ஆட்சியை ஆட்சியாக நடத்த வேண்டும் என்பது டாரின் எண்ணம். உடனிருந்தவர்களோ தயங்கினார்கள். ஊர்வலம் திரும்பி, கட்டி முடியாத ஒரு வார்ப்படச்சாலைக்குள் போயிற்று. இரும்பு உருக்குவதற்கென எழுந்த அந்தச் சுவர்களுக்குள் மக்கள் சட்டசபை இரண்டு நாள் கூடி, அல்ஜீரியச் சட்டத்தை ரத்துச் செய்தது. அரசாங்கச் சொத்துக்களை ஒப்படைக்கும்படி தீர்மானம் நிறைவேற்றியது. ஜூலை மாதம் கூடுவதாகச் சொல்லிக் கலைந்தது. பூட்டிய கதவின் முன் திரும்பிய அந்த நாழிகையிலேயே காரியம் கெட்டுவிட்டது என்று டார் பிற்காலத்தில் வருந்தினார்.

கலைந்தவர்கள் வீடு போய்ச் சேருமுன்னே வாரண்டுகள் புறப்பட்டுவிட்டன. முன்னாள் காங்கிரஸ் உறுப்பினரான டியூட்டி பியர்ஸ் உட்பட மக்கள் சபையின் அங்கத்தினர்கள் ஒவ்வொருவராகக் கைது செய்யப்பட்டார்கள். இந்தக் கைதுகளின் வலிமை எங்கே இருந்தது என்பதைச் சிந்திக்க வேண்டும். படையைத் திரட்டி வந்தால் மக்கள் படையாக எதிர்த்திருக்கலாம். ஆனால் ஒரு கான்ஸ்டபிள் ஒரு காகிதத்தோடு ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அங்கே இயக்கம் இல்லை. மனைவி மக்களோடு ஒரு தனி மனிதன் மட்டுமே இருந்தான். ஜாமீன் யார் கொடுப்பது, கடையை யார் பார்ப்பது, ஆயுள்காவல் என்றால் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்விகள் அவனுக்கு மட்டுமே உரியவை. சில நாட்களுக்குள் ராஜீனாமாக் கடிதங்கள் குவிந்தன. பதின்மூவாயிரம் கையெழுத்துக்களால் கட்டிய அரசாங்கம், வாரண்டில் இருந்த சில கையெழுத்துக்களின் முன் கரையத் தொடங்கியது.

டார் வாஷிங்டனுக்கு விரைந்தார். ஜனாதிபதி ஜான் டைலர் மரியாதையாகப் பேசினார். ஆனால் கலகம் உண்டானால் தம் படை பழைய அரசாங்கத்தின் பக்கமே நிற்கும் என்பதை மறைக்கவில்லை. திரும்பும் வழியில் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியார் அவருக்கு அளித்த ஆரவாரமான வரவேற்பு, தளர்ந்திருந்த மனத்துக்கு மதுவைப்போல் ஏறியது. மே 16-ஆம் தேதி ரயிலில் வந்து பிராவிடென்ஸில் இறங்கி, வண்டியின்மேல் நின்று, கையில் ஒரு வாளை உயர்த்தி, தேவையானால் ரத்தம் சிந்தவும் தயார் என்ற பொருளில் பேசினார். சட்டப் புத்தகமும் பேனாவும் பிடித்த கைக்கு அந்த வாள் பொருந்தவில்லை. அதுவரை அவரைப் பின்பற்றி வந்த நிதானஸ்தர்கள் பலர் அன்றே விலகினார்கள்.

மறுநாள் நள்ளிரவில் மூடுபனி நகரத்தை மறைத்திருந்தது. 234 பேர், புரட்சிப் போர்க்காலத்துப் பழைய பீரங்கிகள் இரண்டை இழுத்துக்கொண்டு, ஆயுதசாலையை நோக்கி நடந்தார்கள். கல்லாற்கட்டிய அந்தக் கட்டிடத்துக்குள் பழைய அரசாங்கத்தைக் காக்கத் துப்பாக்கியோடு நின்றவர்களில் டாரின் தகப்பனாரும், தம்பியும், தாய்மாமனும் இருந்தார்கள். சரணடையும்படி அனுப்பிய செய்தி மறுக்கப்பட்டது. சுடும்படி டார் உத்தரவிட்டார். திரி வைத்தார்கள், துளை வாயில் மருந்து புஸ்ஸென்று எரிந்து அணைந்தது, குண்டு புறப்படவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. இருளில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பனிக்குள் மறைந்தார்கள். விடியும்போது அவருடன் நின்றவர்கள் சொற்பமே. அந்த மருந்து பற்றியிருந்தால் மகன் தகப்பன்மேல் சுட்ட பழி அவர் தலையில் ஏறியிருக்கும். ஈரமோ சூழ்ச்சியோ, எது அந்தப் பீரங்கிகளின் வாயை அடைத்திருந்தாலும், அது அவருக்குத் தீங்கு செய்ததாக நான் நினைக்கவில்லை.

ராஜ்யத்தை விட்டு ஓடிய டார், ஜூன் மாதக் கடைசியில் செப்பாச்செட் என்ற கிராமத்துக்கு வந்து, அங்கே ஒரு குன்றின்மேல் கூடிய சில நூறு பேரோடு மக்கள் சபையைக் கூட்ட முயன்றார். கிங் அரசாங்கம் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து ஆயிரக்கணக்கில் படை திரட்டியது. வெற்றிக்கு வழியில்லை என்று கண்டு, டார் தம் ஆட்களைக் கலைந்து போகச் சொல்லி மறுபடியும் எல்லை கடந்தார். அரசாங்கப் படை வெறுங்குன்றைக் கைப்பற்றி, அகப்பட்டவர்களைக் கயிற்றால் பிணைத்துப் பிராவிடென்ஸ் வரை நடத்திக்கொண்டு போயிற்று. அந்த நாட்களில் நகரத்தைக் காவல் புரிந்தவர்களில் பிராவிடென்ஸின் கறுப்பின மக்கள் ஏறக்குறைய 200 பேர் இருந்தார்கள். தங்களை வெளியே நிறுத்திய மக்கள் சாசனத்துக்காக அவர்கள் ஏன் நிற்க வேண்டும்? தாழ்த்தப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே அணியில் நின்றிருக்க வேண்டிய இடத்தில், ‘வெள்ளை’ என்ற ஒரே சொல் அவர்களை எதிரெதிர் அணிகளில் நிறுத்தியது. வாரண்டுகள் இடித்தது முழுச்சுவரை அல்ல. முன்பே பிளந்திருந்த சுவரை.

வென்றவர்களுக்கும் பழைய சாசனத்தை அப்படியே வைத்துக்கொள்ளத் துணிவில்லை. 1842 நவம்பரில் நிறைவேறி 1843 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சாசனம், உள்நாட்டில் பிறந்த ஆடவர்களுக்கு, ஒரு டாலர் வரி செலுத்தினால் ஓட்டு என்று வழி திறந்தது. கறுப்பின ஆடவர்களும் அதில் அடங்கினார்கள். இருபது வருஷங்களுக்கு முன் பறித்த உரிமை திரும்பி வந்தது. ஆனால் வெளிநாட்டில் பிறந்து பிரஜையானவனுக்கு மட்டும் அந்த 134 டாலர் நிலம் இன்னும் வேண்டியிருந்தது. இயக்கம் தோற்றது, அது கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது, அதைக் கேட்டவர் மட்டும் நாடு கடந்து திரிந்தார்.

கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர் கவர்னர்கள் அவரைப் பிடித்துக் கொடுக்க மறுத்தார்கள். அவர் அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். தலைக்கு 5,000 டாலர் வெகுமதி அறிவிக்கப்பட்டிருந்த அந்த மனிதர், 1843 அக்டோபர் 31-ஆம் தேதி, ஒளிவுமறைவின்றிப் பிராவிடென்ஸுக்கு வந்து ஒரு ஹோட்டலில் இறங்கினார். கைது செய்தார்கள். முந்தின வருஷம் மற்றவர்களைச் சிதறடித்த வாரண்டை அவர் தாமே தேடி வந்து வாங்கிக்கொண்டார். வாளை உயர்த்திய நாளில் காணாத வீரத்தை அன்றுதான் அவரிடம் காண்கிறோம்.

அல்ஜீரியச் சட்டம் அளித்த வசதியைக் கொண்டு, பிராவிடென்ஸில் நடந்த குற்றத்துக்கு நியூபோர்ட்டில், அவருக்கு அனுதாபம் குறைந்த ஊரில், 1844 ஏப்ரல் 26-ஆம் தேதி விசாரணை தொடங்கியது. மக்கள் சாசனத்தைத் துரோகம் என்று முன்பே சொல்லியிருந்த டர்ஃபீயே தலைமை நீதிபதி. ஜூரர் பன்னிருவரும் எதிர்க்கட்சியார். பெரும்பான்மை மக்கள் ஏற்ற சாசனத்தின்படியே தாம் கவர்னராக நடந்ததாக நிரூபிக்க, பெயரெழுதிய அந்த ஓட்டுச்சீட்டுகளைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும்படி டார் கேட்டார். நியாயஸ்தலம் மறுத்தது. எத்தனை பேர் ஓட்டளித்தார்கள் என்பது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்பது அதன் முடிவு. ஓட்டில்லாதவன் துணிந்து எழுதிய பெயர் இரண்டாம் முறையும் எண்ணப்படாமல் போயிற்று. ஜூரர் குற்றவாளி என்றார்கள். ஜூன் 25-ஆம் தேதி, ஆயுள் முழுவதும் தனியறையில் கடுங்காவல் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. இந்த நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து ராஜ்யத்து மக்களுக்கும் தேசத்து மக்களுக்கும் தாம் முறையிட்டுக்கொள்வதாக டார் நின்றபடியே சொன்னார்.

ஜூன் 27-ஆம் தேதி பிராவிடென்ஸ் சிறையின் கதவு அவர்மேல் மூடியது. ஈரம் கசியும் அறையில் அவருடைய நோய்கள் முற்றின. வெளியே அவருக்காக முன்னின்றவர்களில் பெண்கள் பலர். ஒருநாளும் ஓட்டுரிமை பெறாத அவர்கள், எழுத்தாளர் கேத்தரின் வில்லியம்ஸ் முதலியோர், விடுதலைச் சங்கம் வைத்து, கூட்டங்களும் கடற்கரை விருந்துகளும் நடத்திப் பணம் திரட்டி, வழக்கை ஊரார் மறக்காதபடி செய்தார்கள். அந்த வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கோஷத்தில் டாரின் பெயரும் சேர்ந்து ஒலித்தது. ராஜ்யச் சட்டப்படி அடைக்கப்பட்டவரைத் தன் முன் கொண்டுவரத் தனக்கு அதிகாரமில்லை என்று ஐக்கிய அமெரிக்க நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு கைவிரித்தது. கடைசியில் டாரின் விடுதலையையே வாக்குறுதியாகக் கொண்டு நின்ற சார்லஸ் ஜாக்ஸன் 1845-ல் கவர்னராக ஜயித்தார். அவ்வருஷம் ஜூன் 27-ஆம் தேதி, உள்ளே போய்ச் சரியாக ஒரு வருஷத்தில், டார் வெளியே வந்தார். நீதிமன்றத்திலிருந்து மக்களிடம் அவர் செய்த முறையீட்டுக்கு மக்கள் ஓட்டுப்பெட்டியின் மூலமே பதிலளித்தார்கள்.

வாரன் ஊரைச் சேர்ந்த மார்ட்டின் லூதர் என்ற செருப்புத் தொழிலாளியின் வழக்கையும் இங்கே சொல்லவேண்டும். மக்கள் சாசனத் தேர்தலில் கூட்டத் தலைமை வகித்ததற்காக அவரைத் தேடி ராணுவச் சட்டத்தின்கீழ் வந்த படையினர் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தார்கள். உடைத்தவர்களுக்கு அதிகாரம் தந்த அரசாங்கம் உண்மையான அரசாங்கம்தானா என்று லூதர் கேட்ட கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஒரு ராஜ்யத்தில் எது நியாயமான அரசாங்கம் என்பதைத் தீர்மானிப்பது காங்கிரஸின், ஜனாதிபதியின் காரியம், நீதிமன்றத்தின் காரியமல்ல என்று தலைமை நீதிபதி டானி 1849-ல் கூறிவிட்டார். உடைந்த கதவுக்கு நீதி கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்போ இன்றும் அமெரிக்கச் சட்டமாணவர் படிக்கும் பாடமாக நிற்கிறது.

டாரின் பிரஜா உரிமைகள் 1851-ல் திரும்பக் கிடைத்தன. 1854-ல் சட்டசபை அவர்மேல் சொன்ன தீர்ப்பையே ரத்துச் செய்தது. அப்படிச் செய்யச் சட்டசபைக்கு அதிகாரமில்லை என்று நீதிபதிகள் அதற்கும் தடை சொன்னார்கள். உடல் நைந்து, தகப்பனார் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்த அவர், அவ்வருஷம் டிசம்பர் 27-ஆம் தேதி, நாற்பத்தொன்பதாம் வயதில் காலமானார். வெளிநாட்டில் பிறந்தவர்களின் தலைமேல் தொங்கிய நிலத்தகுதி 1888-ல்தான் நீங்கியது. நகரசபைத் தேர்தல்களில், 134 டாலர் சொத்து என்ற அந்தப் பழைய எண் 1928 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் செய்த பிழைகளை மறைக்க வேண்டியதில்லை. வாளை எடுத்தது பிழை. தம் கூட்டத்தார் ‘வெள்ளை’ என்ற சொல்லை விடாதபோது, வாதாடியதோடு நின்று அவர்களோடேயே போனது அதனினும் பெரிய பிழை. ஆனால் தமக்குள்ள உரிமை பிறருக்கு இல்லையே என்று வெட்கப்பட்டு, அந்த வெட்கத்துக்காக வீடு, செல்வம், பதவி, ஆரோக்கியம் அனைத்தையும் கொடுத்த மனிதர்கள் சரித்திரத்தில் மிகுதியாக இல்லை. அவர் கண்மூடிய டிசம்பர் 27-ஆம் தேதி, பதின்மூன்று வருஷங்களுக்கு முன், மண்ணில்லாத ஆலைத் தொழிலாளிகள் ஓட்டுச்சீட்டில் முதன்முதலாகத் தம் பெயரை எழுதத் தொடங்கிய அதே தேதி.